எழுதாமல் வைத்த முதல் அட்டை

“நாலே நாலு எழுத்துங்க. நாற்பத்தியோரு அர்த்தம்.”

“ஒரே வார்த்தைக்கா?”

“ஒரே வார்த்தைக்கு. ஹோல்டு. இன்னைக்குத்தான் என் தலையில கட்டினாங்க.”

“இதுல என்ன இருக்கு? எங்க சிக்னல்காரர் வயர்லெஸ்ல ‘ஹோல்டு, ஹோல்டு’ன்னு கத்தினா, தூக்கினதை அப்படியே அந்தரத்துல நிறுத்தணும். அவ்வளவுதான் அர்த்தம். எழுதிக்கோ. இன்னும் நாற்பதுதான் பாக்கி.”

“நீங்க எங்க ஆபீஸ்ல சேர்ந்திருக்கணும். அரை நாள்ல புஸ்தகமே முடிஞ்சிருக்கும்.”

“நான் கட்டிக்கிட்டதே ஒரு அகராதியைத்தானே. அது போதாதா?”

கால் வீக்கத்துக்காக வெந்நீர் வாளியில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள், ஒரு கை நீரை அள்ளி அவன் மேல் தெளித்தாள். அவன் சட்டையெல்லாம் நனைந்தது. இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்கள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

அந்தப் பேச்சு நடந்து மூன்று மாதம் ஆகிறது. துறைமுகத்தில், தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு அது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. நாள் முழுக்க அந்தரத்திலேயே குடியிருப்பதால் துறைமுகத்தில் அவனுக்கு ஆகாசம் என்று பெயர். “ஆகாசம், சாப்பிட இறங்குறியா, இல்ல மேகத்தையே தின்னுக்கிறியா?” என்று கீழிருந்து வயர்லெஸ்ஸில் வம்பிழுப்பார் சிக்னல்காரர். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று வைத்துத் திருப்பியிருப்பான். இந்த நான்கு நாளாக அவனுக்கு வாய் வரவில்லை. நான்கு நாளாக அவன் மனைவியிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் வேலை செய்தது ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில். மூன்று அறைகள், எட்டுப் பச்சை இரும்பு அலமாரிகள், எந்த மேசையைத் திறந்தாலும் அட்டைகள். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஓர் அட்டை. அட்டையின் மேல்வரியில் பொருள், நடுவில் அதை விளக்கும் ஒரு வாக்கியம், அடியில் ‘பார்த்தவர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் தலைமை ஆசிரியரின் பிடிவாதம் இருந்தது. நடுவில் எழுதும் வாக்கியம் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதினால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார். “பார்க்காம எழுதின வாக்கியத்துல உயிர் இருக்காதும்மா. படிக்கிறவன் மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவான்” என்பார்.

அதனால் அந்த நான்கெழுத்து வார்த்தை அவர்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. மின்வாரியத்துக்குத் தொலைபேசி செய்து, பாட்டைக் கேட்டபடி முக்கால் மணி நேரம் காத்திருந்தவள், கடைசியில் கோபப்படுவதற்குப் பதிலாகக் கைகொட்டினாள்: “பதினாறாவது அட்டை கிடைச்சிடுச்சு!” அவன் கப்பலிலிருந்து ஓர் அர்த்தம் கொண்டுவந்தான். சரக்கு அடுக்கும் கப்பலின் வயிற்றுக்கும் அதே பெயர்தான். “வெயில் இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும், அதுக்குள்ள சிமெண்டை இறக்கிடலாம்” என்று மேஸ்திரி சொன்னார். அந்தத் தாங்குதலுக்கும் அதே வார்த்தை. கம்பிவடம் அறாமல் நிற்பதற்கும், தண்ணீர்த் தொட்டி இத்தனை லிட்டர் கொள்ளும் என்பதற்கும், ஒருவர் பதவியில் இருப்பதற்கும், ஒரு கருத்தை விடாமல் வைத்திருப்பதற்கும், கூட்டம் நடத்துவதற்கும், ஒருவனைக் காவலில் வைப்பதற்கும், மூச்சை அடக்குவதற்கும் அதுவேதான்.

முதலில் கேலி செய்தவன் பிறகு தானே அர்த்தம் தேட ஆரம்பித்தான். பன்னிரண்டு வருஷமாகக் காதில் விழுந்த வார்த்தை. அதற்குள் இத்தனை அறைகளா? வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கப்பல்; மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் ஊரையே கொட்டலாம் போல வயிறு.

“நம்ம ‘பிடி’ மட்டும் என்ன குறைச்சலா?” என்று ஒருநாள் கேட்டான். “சளி பிடிக்குது, பைத்தியம் பிடிக்குது, மழை பிடிக்குது, பஸ் பிடிக்கிறோம், உன்னைக்கூட எனக்குப் பிடிக்குது.”

“கடைசியில சொன்னீங்களே, அது மழைக்கு முன்னாடி வந்திருக்கலாம்” என்றாள்.

நாற்பது அட்டைகள் முடிந்தன. ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. அதுதான் முதல் அட்டை. இருப்பதிலேயே எளிய அர்த்தம்: கைகளில் எடுத்து வைத்திருத்தல். அரை நிமிஷத்தில் எழுதிவிடலாம். தெருவில் எத்தனை பேர் எதையெதையோ கையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அவள் ஒரு முடிவோடு இருந்தாள்.

“அதை நம்ம பாப்பாவுக்கு வச்சிருக்கேன். பொறந்ததும் கையில வாங்கிப் பார்த்துட்டு எழுதுவேன். எங்க ஆசிரியர் ஐயாகிட்டயும் சொல்லிட்டேன். சிரிச்சார். சரின்னுட்டார்.”

பாப்பா பதினொரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தபோது, இரட்டைக் கதவு திறந்து ஒரு தள்ளுவண்டி ஓடிவந்தது. மேலே கண்ணாடிப் பெட்டி. உள்ளே, குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவில், சிவப்பாக ஏதோ ஒன்று. “உங்க பொண்ணு, வழி விடுங்க” என்றது ஒரு குரல். அந்தக் கணமே அவன் தொண்டைவரை ஒரு வாக்கியம் ஏறி வந்தது. வண்டி திரும்பி மறைந்தது. வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அது இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

பாப்பாவின் எடை ஒரு கிலோ எண்பது கிராம்.

அந்த எண்ணைக் கேட்டபோது அவனுக்கு என்ன ஆயிற்று என்பது கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத்தான் புரியும். அவன் அறையில், வலது முழங்கைக்குப் பக்கத்தில், எடை காட்டும் சின்னத் திரை ஒன்று உண்டு. கொக்கியில் தொங்குவது எத்தனை டன் என்று அது சொல்லும். அதைப் பார்க்காமல் அவன் எதையும் தூக்கியதில்லை. அரை டன்னுக்குக் கீழே இருந்தால் அந்தத் திரையில் ஒன்றும் வராது. வெறும் சைபர். அவனுடைய மகள் அந்தத் திரையில் சைபர்.

இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் லட்சம் பெட்டியாவது தூக்கியிருப்பான். முப்பது டன் பெட்டியை, காற்றடிக்கிற நாளில், நான்கு மூலையும் சேர ஓசையில்லாமல் இறக்கி வைப்பான். கீழே நிற்கிறவர்கள் விசில் அடிப்பார்கள். ஆனால் தூக்கியதில் ஒன்றைக்கூட அவன் தொட்டதில்லை. அவனுக்கும் சரக்குக்கும் நடுவில் எப்போதும் நாற்பது மீட்டர் கம்பிவடம் இருந்தது.

பதினெட்டு நாள் கண்ணாடிக்கு வெளியே இருவரும் நின்று பார்த்தார்கள். பதினெட்டாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டு, டாக்டர் சொன்னார்: “இனிமே தூக்கலாம். நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கணும். தினம் ரெண்டு மணி நேரமாவது.” சொன்ன அன்று மாலையே அவன் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. இருமல். அந்த வார்டுக்குள் இருமல் சத்தத்தோடு யாரும் கால் வைக்க முடியாது. ஒரு வாரம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“நீங்க போங்க” என்றாள், கம்பளிக்குள்ளிருந்து. “நாளைக்கு நீங்க தூக்குங்க. தூக்கிட்டு வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்.”

போனான். கைகளை முழங்கைவரை கழுவினான். ஏழாம் பெட்டிக்கு முன்னால் நின்றான். பெரிய சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வார்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பெட்டி நம்பர்தான்.

“ஏழாம் நம்பர் அப்பா, சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்க.”

“இன்னைக்கு... கையில கிரீஸ் வாடை போகல சிஸ்டர். நாளைக்கு.”

மறுநாள், தொண்டை கரகரப்பாக இருக்கிற மாதிரித் தோன்றுவதாகச் சொன்னான். அதற்கடுத்த நாள், அவசரமாகக் கப்பல் ஒன்று வந்திருப்பதாக. நான்காம் நாள் ஒன்றும் சொல்லாமல் தாழ்வாரத்தோடு திரும்பிவிட்டான். வீட்டுக்குப் போனதும் அவள் தலையணையிலிருந்து எழும்பிக் கேட்பாள், “குடுத்தாங்களா?”

“இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

“ஐயோ” என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொள்வாள். அந்த ஒரு சொல்லோடு அவன் எச்சில் விழுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவான்.

ஐந்தாம் நாள், காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துக் கிளம்பியபோது, அவள் ஓர் உறையை நீட்டினாள். காய்ச்சல் இறங்கி, முகம் வெளுத்திருந்தது.

“முதல் அட்டை உள்ள இருக்கு. பேனாவும் வச்சிருக்கேன். ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் பார்க்க இன்னும் நாளாகும். அங்க போய்ப் பிரிச்சுப் பாருங்க.”

“நான் என்னத்தை எழுதப் போறேன்? எனக்கென்ன தெரியும்?”

“நாற்பது அட்டைக்குப் பாதி நீங்க கொண்டுவந்ததுதான்” என்றாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

வார்டில் எட்டாம் பெட்டிக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ரொட்டிக் கடை வைத்திருப்பவர். இரட்டைப் பிள்ளைகள். வெற்று மார்பில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டையும் ஒட்டவைத்து, மேலே துணியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார்.

“வாங்க ஏழு. இன்னைக்கு என்ன சாக்கு? பாக்கி ஏதாவது இருக்கா?”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“பண்ணல. முதல் நாள் எனக்குக் கை உதறின உதறல்ல நாற்காலியே சத்தம் போட்டுச்சு. சிஸ்டரைக் கேளுங்க.”

“ஆமா, நான்தான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்” என்றாள் பெரிய சிஸ்டர், எழுதிக்கொண்டிருந்த பலகையிலிருந்து தலை நிமிராமல். பிறகு அவனிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “உங்க பொண்ணுக்கு நேத்து அஞ்சு கிராம்தான் ஏறியிருக்கு. அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். பக்கத்துல பாருங்க, ரெண்டும் இருபது, இருபத்தஞ்சுன்னு ஏறுது. நெஞ்சுச் சூட்டுல தூங்குற பிள்ளை வளரும். பெட்டிச் சூடு வேற, அப்பா சூடு வேற. நான் மிரட்டுறதுக்குச் சொல்லல.”

அவன் தலையாட்டினான்.

“தூக்க வேண்டாம். கையையாவது உள்ள விடுங்க. அதுக்குமா பயம்?”

கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல். அவன் கையை உள்ளே விட்டான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாள் வெளியிலிருந்து பார்த்தபோது அவள் சின்னவளாகத் தெரிந்தாள். தன் கை பக்கத்தில் போனதும் இன்னும் சின்னவளாகிவிட்டாள். அவன் கட்டைவிரல் அளவுதான் அவள் முன்கை. தோலுக்கடியில் ஓடுகிற நரம்பு, நூல் போலத் தெரிந்தது. நகங்கள் இருந்தன. அது அவனைத் தூக்கிவாரிப்போட்டது. பத்து நகம். எள்ளில் பாதி அளவுகூட இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக, ஓரம் வளைந்து, செய்து முடித்ததாக இருந்தது. இதை யார் உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில் செய்தார்கள்?

சுட்டுவிரல் நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தான். தொட்டதும் தொடாததுமாக.

அவள் பிடித்தாள்.

கிரேன் கொக்கியில் வளையம் மாட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். நாற்பது மீட்டர் மேலேயும் கேட்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. ஐந்து விரலும் மடங்கி, அவன் விரலின் கால்வாசியைச் சுற்றி நின்றன. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே பிடித்தாள். பயந்துபோய் விரலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். பிடி கூடவே வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். அந்த நூல் கை முழுசாக நீண்டது, விடவில்லை.

முப்பது டன் தொங்கும்போது கைப்பிடி வழியாக ஒரு கனம் உடம்புக்குள் இறங்கும். அது அவனுக்குப் பழக்கம். இப்போது விரல் நுனியிலிருந்து இறங்கிய கனத்தை எந்தத் திரையும் காட்டாது. முழங்கை, தோள், நெஞ்சு என்று அது இறங்கி, முழங்கால்வரை போயிற்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“பாப்பா பிடிச்சுக்கிட்டா சிஸ்டர், என்னைப் பிடிச்சிருக்கா” என்றான். சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

“எல்லாப் பிள்ளையும் பிடிக்கும்” என்றாள் சிஸ்டர். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆனா நல்ல பிடிதான்” என்று சேர்த்துக்கொண்டாள். “உங்க வீட்டம்மா காலையில போன் பண்ணாங்க.”

அவன் திரும்பினான்.

“பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டாங்க. தூக்க அனுமதி கொடுத்து அஞ்சு நாளாச்சேன்னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், ‘சரி சிஸ்டர், இன்னைக்கு வருவார். அவரைத் திட்டாதீங்க’ன்னாங்க.”

காலையிலேயே. அப்படியானால் அவன் குளித்துவிட்டு வந்தபோது அவளுக்குத் தெரியும். உறையை நீட்டியபோது தெரியும். காலரைச் சரிசெய்தபோது தெரியும். நான்கு நாள் தன்னை ஏங்க வைத்தவனை நேருக்கு நேர் பார்த்து, ஒரு கேள்வி, ஒரு குத்தல், கண்ணில் ஒரு வருத்தம்கூட இல்லாமல் அனுப்பியிருக்கிறாள். மேலே நாற்பது மீட்டரில் உட்கார்ந்திருக்கும் தன்னைப் பெரிய தைரியசாலி என்று ஊர் சொல்கிறது. அடுப்படியில் வெந்நீர் வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குள் எவ்வளவு கொள்ளும் என்று அவனுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

விரலை விடுவிக்காமலே, இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்தான். பல்லால் கிழித்தான்.

“ஏழு, அதுக்கும் கை கழுவணும்” என்றார் ரொட்டிக் கடைக்காரர். சிஸ்டர் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

வழவழப்பான வெள்ளை அட்டை. மேல்வரியில் அவளுடைய வரிசையான கையெழுத்து: ‘கைகளில் எடுத்து வைத்திருத்தல்.’ நடுவில், வாக்கியம் எழுத வேண்டிய இடம் காலி. அடியில் ‘பார்த்தவர்’ என்ற கட்டத்தை மட்டும் அவள் நிரப்பியிருந்தாள். காய்ச்சல் கை கொஞ்சம் ஆடியிருந்தது.

‘அவள் அப்பா.’

அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பார்க்காமல் யாரும் எழுதக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். நாற்பது அட்டையிலும் அவள் அதை மீறியதில்லை. இந்த ஒன்றில் மட்டும், நடக்காததற்கு முன்கூட்டியே சாட்சிப் பெயர் எழுதிவிட்டாள். தலைமை ஆசிரியர் பார்த்தால் கிழித்துவிடுவார். கிழிக்காமல் இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

அட்டையைப் பெட்டியின் மேல் வைத்தான். உள்ளே, பிடி இன்னும் தளரவில்லை.

“சிஸ்டர்.”

“சொல்லுங்க.”

“கப்பல் வயித்துக்குள்ள ஆழத்துல சரக்கு இருந்தா, மேல இருக்கிற எனக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணைக் கட்டின மாதிரிதான். கீழ இருந்து ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பார். இடது, வலது, மெதுவா, நில்லு. அந்தக் குரலை நம்பித்தான் தூக்குவேன். பன்னிரண்டு வருஷத்துல ஒண்ணைக்கூடக் கீழ விட்டதில்ல.”

“நான் சொல்றேன்” என்றாள் சிஸ்டர். “ஒவ்வொண்ணா சொல்றேன். தலைக்குக் கீழ ஒரு கை, இடுப்புக்குக் கீழ ஒரு கை. நீங்க நடக்கக்கூட வேண்டாம். நாற்காலிகிட்ட நானே கொண்டுவர்றேன்.”

அவன் ஒற்றைக் கையாலேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். மூன்றாவது பொத்தான் சிக்கியது. சிஸ்டர் உதவினாள். பெட்டிக்குள்ளிருந்து விரலை அவனாக உருவவில்லை; பாப்பா தூக்கத்தில் ஒருமுறை நெளிந்து, தானாகவே விட்டாள். விட்டதும் அந்த விரல் நுனி குளிர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். மார்பில் அறைக் காற்று பட்டது. இருபத்திரண்டு நாளாகத் தொண்டையில் நின்றிருந்த வாக்கியம் அசைந்தது. எச்சில் விழுங்கினான், இந்தத் தடவை அது கூடவே உள்ளே போகவில்லை.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். அவை நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

“சிஸ்டர், என் பொண்ணை என் கையில கொடுங்க.”